நான்கு ஊருக்குப் பிரிந்துபோன கேரளத் திரைவிழா: அந்த நேரத்து ஏற்பாடா, தொடர வேண்டிய வழியா?

பின்வரிசை (கோவை)

கொரோனா காலத்தில் திரைவிழாக்கள் எப்படிச் சமாளித்தன என்ற பேச்சு வந்தால் உடனே கான், வெனிஸ், டொராண்டோ என்று கிளம்பிவிடுகிறோம். வாளையாறு தாண்டினால் வந்துவிடுகிற ஊரில் நடந்ததைப் பற்றித் தமிழில் யாரும் நிதானமாகப் பேசி நான் பார்க்கவில்லை. அதற்காகத்தான் இந்த இழை.

கேரள சர்வதேசத் திரைப்பட விழாவின் 25-வது ஆண்டு அது. வழக்கப்படி 2020 டிசம்பரில் திருவனந்தபுரத்தில் நடந்திருக்க வேண்டும். தியேட்டர்களே பூட்டிக் கிடந்தன. 2021 ஜனவரி 13-ல்தான் கேரளத்தில் திறந்தார்கள், அதுவும் பாதி இருக்கைக்கு மட்டும் அனுமதி. சாதாரணமாகப் பத்தாயிரம் பேருக்கு மேல் கூடுகிற விழாவை அந்த நிலைமையில் ஒரே ஊரில் வைக்க வழியில்லை. விழாவை நடத்தும் கேரள சலச்சித்திர அகாடமி அதை நான்காகப் பிரித்தது. பிப்ரவரி 10 முதல் 14 வரை திருவனந்தபுரம், 17 முதல் 21 வரை கொச்சி, 23 முதல் 27 வரை தலச்சேரி, மார்ச் 1 முதல் 5 வரை பாலக்காடு. அவரவர் வட்டாரத்தில் பதிவு செய்து அங்கேயே பார்க்க வேண்டும். கட்டணம் பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், மாணவர்களுக்கு 400. கொரோனா பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்தால்தான் பாஸ் கையில் கிடைக்கும்.

2019-ல் 186 படங்கள் காட்டினார்கள். 2021-ல் 80. சுருங்கிப்போன விழா என்று அப்போது பலரும் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எட்டு நாளும் ஓடி ஓடிப் பார்த்தாலும் ஒரு ஆள் முப்பது, முப்பத்தைந்து படத்துக்கு மேல் பார்க்க முடியாது. 186 என்பது பட்டியலுக்கு அழகு, அவ்வளவுதான். ஆனால் ஆப்பிரிக்காவின் லெசோத்தோ நாட்டில் எடுத்த ஒரு படத்தைத் தலச்சேரியிலும் பாலக்காட்டிலும் நல்ல திரையில் போட்டார்கள் இல்லையா, அதுதான் உண்மையில் விழா பெரிதானது. நோய் போனதும் திருவனந்தபுரத்துக்கே திரும்பிவிட்டார்கள். அந்த நான்கு ஊர் ஏற்பாட்டை நிரந்தரமாக வைத்திருக்க வேண்டும், நம் ஊரிலும் அதைச் செய்ய வேண்டும் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

அடையாறு வாசகி (சென்னை)

எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. அந்த பிப்ரவரியில் நாட்டிலேயே அதிகம் பேர் சிகிச்சையில் இருந்த மாநிலம் கேரளம். நான்கு ஊரில் விழா என்றால் நான்கு ஊரில் ஆட்களைக் கூட்டுவது என்றுதானே பொருள்? தர்மசாலா திரைவிழாவைப் பாருங்கள். 2012 முதல் மலையூரில் நேரில் நடந்த விழா. 2020-லும் 2021-லும் முழுக்க ஆன்லைனில் வைத்தார்கள். நான் அடையாறில் உட்கார்ந்துகொண்டே பார்த்தேன். யாருக்கும் ஆபத்தில்லை, யாரும் பேருந்து ஏற வேண்டியதில்லை. ஊர் ஊராகப் போவதை விட இதுதான் எல்லா ஊருக்கும் போவது.

கோவாவில் நடக்கும் விழா நவம்பரிலிருந்து 2021 ஜனவரி 16-க்குத் தள்ளிப்போனபோது அதையும் பாதி நேரிலும் பாதி ஆன்லைனிலும் வைத்தார்கள். மத்திய அரசு விழாவே அந்த அளவுக்கு இறங்கி வந்தது. கேரளம் ஏன் ஒரு படத்தைக் கூட வீட்டுக்கு அனுப்பவில்லை?

பின்வரிசை (கோவை)

ஆபத்து என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கூட்டம் எப்படி இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அப்போது கஞ்சிக்கோட்டில் வேலை, பாலக்காட்டில் அறை. அங்கேதான் பதிவு செய்தேன். ஒரு இருக்கை விட்டு ஒரு இருக்கையில் பெருக்கல் குறி போட்டு நாடா ஒட்டியிருந்தார்கள். முன்பதிவு செய்தால் இருக்கை எண் வரும், அந்த எண்ணில்தான் உட்கார வேண்டும். வழக்கமாக இந்த விழாவில் படியில் உட்கார்ந்தும் சுவரோரம் நின்றும் பார்ப்பார்கள். அது அடியோடு கிடையாது. ஒரு காட்சி முடிந்ததும் எல்லோரையும் வெளியே அனுப்பி, கைப்பிடி கைப்பிடியாகத் துடைத்து, மருந்து தெளித்து, அப்புறம்தான் அடுத்த காட்சிக்கு ஆள் விட்டார்கள். ஏப்ரல் 6-ல் சட்டமன்றத் தேர்தல். அதே நாட்களில் அதே ஊர்களில் பிரசாரக் கூட்டங்கள் ஆரம்பித்துவிட்டன. அவற்றோடு ஒப்பிட்டால் தியேட்டருக்குள் ஒழுங்கு எவ்வளவோ மேல்.

ஆன்லைன் பற்றி எனக்கு இருக்கும் தயக்கம் வேறு. வீட்டில் போடுகிற படத்தை நாம் நிறுத்தி வைத்துவிட்டுப் போய்விடலாம். மெதுவாக நகரும் படம் என்றால் நிச்சயம் நிறுத்துவோம். திரைவிழாப் படங்களில் முக்கால்வாசி மெதுவாக நகரும் படங்கள்தான்.

ஜன்னலோரம் (தர்மபுரி)

பின்வரிசை அண்ணா, வீட்டில் பார்ப்பதைக் குறைவாகச் சொல்லாதீர்கள். நான் சக்கர நாற்காலியில் இருப்பவள். எங்கள் ஊரிலிருந்து சென்னை விழாவுக்கோ திருவனந்தபுரத்துக்கோ போவது என்றால் கூட ஒருவர் வர வேண்டும், அறை எடுக்க வேண்டும், தியேட்டர் வாசலில் சாய்தளம் இருக்கிறதா என்று முன்கூட்டியே யாரிடமாவது கேட்டு வைக்க வேண்டும். சாய்தளம் இருந்தாலும் உள்ளே படிக்கட்டுதான், முதல் வரிசையில் கழுத்தை அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான். கழிப்பறை பற்றிச் சொல்லவே வேண்டாம். இத்தனைக்குப் பிறகு ஒரு படம் வீட்டிலிருந்து பார்ப்பதை விட எவ்வளவு நன்றாக இருந்துவிடும்?

2020 இறுதியில் தர்மசாலா விழாவை வாசகி அக்கா போலவே நானும் பார்த்தேன். என் வாழ்க்கையில் நான் கலந்துகொண்ட முதல் திரைவிழா அது. இயக்குநரோடு நடந்த உரையாடலில் கேள்வி எழுதி அனுப்பினேன், படித்துப் பதில் சொன்னார். எல்லோருடைய முகமும் ஒரே அளவு சதுரத்தில் இருந்த அந்த ஒரு முறைதான் நான் மற்றவர்களோடு சமமாக இருந்ததாக உணர்ந்தேன். நோய் குறைந்ததும் 2022-ல் அந்த விழா மலைக்கே திரும்பிவிட்டது. எல்லோரும் "இயல்பு நிலை திரும்பியது" என்று மகிழ்ந்தார்கள். எனக்குக் கதவு அடைத்தது. நான்கு ஊர் வேண்டும் என்று கேளுங்கள், தாராளமாகக் கேளுங்கள். கூடவே ஒரு ஆன்லைன் வழியையும் கேளுங்கள்.

பின்வரிசை (கோவை)

ஜன்னலோரம், நீங்கள் சொன்னது என் வாதத்தையே அகலப்படுத்துகிறது. எனக்கு மறுப்பில்லை. ஊர் ஊராகப் போவதற்கு நான் சொல்லும் காரணமும் இதுதானே: போக முடியாதவர்களிடம் விழா வர வேண்டும். உங்கள் விஷயத்தில் கடைசி மைல் வரை வர வேண்டும்.

நாகர்கோவில்காரன்

நான் வருடா வருடம் திருவனந்தபுரம் போகிறவன். எங்கள் ஊரிலிருந்து காலை ரயில் பிடித்தால் முதல் காட்சிக்குப் போய்விடலாம். என் வருத்தத்தையும் பதிவு செய்கிறேன்.

தாகூர் தியேட்டர் வளாகத்தில் டிசம்பர் மாதம் நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கைரளி, ஸ்ரீ, நிளா, கலாபவன், ராத்திரியானால் நிசாகந்தி என்று ஒரு வாரம் ஊரே சினிமாவாக இருக்கும். ஆட்டோக்காரர் கூட "சார், போட்டிப் பிரிவில் எது நல்லாயிருக்கு?" என்று கேட்பார். 2013-ல் கொரிய இயக்குநர் கிம் கி-டுக் வந்தபோது ரோட்டில் அவர் பின்னால் பையன்கள் ஓடினதை நான் பார்த்திருக்கிறேன். 2019-ல் அர்ஜென்டினா இயக்குநர் ஃபெர்னாண்டோ சொலானஸுக்கு வாழ்நாள் சாதனையாளர் விருது கொடுத்தார்கள். அடுத்த வருடம் நவம்பரில் சொலானஸ், டிசம்பரில் கிம் கி-டுக், இரண்டு பேரையும் கொரோனா கொண்டுபோய்விட்டது. 2021 விழாவில் அவர்களுக்கு அஞ்சலியாகப் படம் போட்டார்கள். நேரில் பார்த்த மனிதர்களுக்கு அஞ்சலி என்பது வேறு மாதிரி இருக்கிறது.

ஆக, ஒரே ஊரில் நடப்பதால்தான் அந்தக் கூட்டம், அந்தக் கூட்டத்தால்தான் அந்த இயக்குநர்கள் வருகிறார்கள். விழாவைப் பிரித்ததற்குத் திருவனந்தபுரம் எம்.பி. சசி தரூர் அப்போது எதிர்ப்புத் தெரிவித்தது வெறும் தொகுதிப் பாசம் என்று நினைக்காதீர்கள். வருடக் கணக்கில் வளர்ந்த ரசிகக் கூட்டம் ஒன்று திருவனந்தபுரத்தில் இருக்கிறது. இந்த ஒரு வருடம் மட்டும்தான் என்று அரசு சொன்ன பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

பின்வரிசை (கோவை)

நாகர்கோவில் நண்பருக்கு. முதல் விழா 1994-ல் கோழிக்கோட்டில்தான் நடந்தது என்பதை நினைவுபடுத்துகிறேன். திருவனந்தபுரத்தின் ரசிகர்கள் பிறக்கும்போதே அப்படிப் பிறக்கவில்லை. வருடா வருடம் விழா நடந்ததால் உருவானவர்கள். தலச்சேரியில் பத்து வருடம் நடந்தால் அங்கேயும் உருவாவார்கள்.

அது மட்டுமில்லை. கேரளத்தில் சினிமா ஊர் ஊராகப் போன வரலாறு பழையது. மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமின் ஒடேசா குழு மக்களிடமே காசு திரட்டி 1986-ல் 'அம்ம அறியான்' எடுத்தது. அதற்கு முன்னும் பின்னும் 16 எம்.எம். ப்ரொஜக்டரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் படம் காட்டினார்கள். நான்கு ஊர்த் திரைவிழா அந்த மரபில் வந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. நோய் ஒரு சாக்கு.

இன்னொன்று. லெசோத்தோ படம் என்றேனே, லெமோஹாங் ஜெரமையா மொசேசே இயக்கியது. அணைக்கட்டுக்காக ஊரையும் சுடுகாட்டையும் விட்டுப் போகச் சொல்கிறார்கள், ஒரு கிழவி மாட்டேன் என்கிறாள். அந்த வருடம் விழாவின் முதல் பரிசான சுவர்ண சகோரம் வாங்கியதும் அதுதான். முடிந்து வெளியே வந்தபோது என் பக்கத்து வரிசையில் இருந்த ஒரு பெரியவர், மலம்புழை அணை கட்டும்போது தன் அம்மா வீட்டு நிலம் தண்ணீருக்குள் போன கதையைத் தமிழும் மலையாளமும் கலந்து சொல்ல ஆரம்பித்தார். முகக்கவசத்தை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே பேசினார். சுற்றி நான்கைந்து பேர் நின்றுவிட்டோம். மருந்து தெளிப்பதற்காக வெளியே நிறுத்தி வைத்திருந்த அந்த இடைவெளியில்தான் இத்தனையும் நடந்தது. அவர் திருவனந்தபுரத்துக்கு வந்திருக்க மாட்டார். அந்தப் படத்தை அவரைவிடச் சரியாகப் பார்த்தவர் யாரும் இருந்திருக்கவும் முடியாது.

ரீல்பெட்டி

நான் தியேட்டர் தொழில்நுட்பப் பக்கம். விழாக்களுக்கும் வேலை பார்த்திருக்கிறேன். நான்கு ஊர் என்று எழுதுவது சுலபம். உள்ளே என்ன நடக்கும் என்று கொஞ்சம் சொல்கிறேன், பேசுவதற்கு உதவும்.

இப்போது படம் ரீலில் வருவதில்லை, டி.சி.பி. என்ற கோப்பாக ஹார்ட் டிஸ்கில் வரும். அதைத் தியேட்டர் சர்வரில் ஏற்றவே நேரம் பிடிக்கும். ஏற்றினாலும் ஓடாது. திறக்க ஒரு சாவி வேண்டும், கே.டி.எம். என்போம். அந்தச் சாவி குறிப்பிட்ட ஒரு சர்வருக்கு, குறிப்பிட்ட தேதி, குறிப்பிட்ட மணி நேரத்துக்கு மட்டும் செல்லும். பக்கத்துத் திரையில் போட்டால் கூடத் திறக்காது. ஒரு ஊரில் ஐந்து திரை, அடுத்த ஊரில் ஐந்து திரை என்று போகும்போது ஒவ்வொரு திரையின் சர்வர் விவரத்தையும் முன்கூட்டியே வெளிநாட்டு விநியோகஸ்தருக்கு அனுப்பி, ஒவ்வொன்றுக்கும் தனிச் சாவி வாங்க வேண்டும். திருவனந்தபுரம் என்றால் வருடா வருடம் அதே திரைகள், விவரமெல்லாம் கையில் இருக்கும். தலச்சேரியில் லிபர்ட்டி தியேட்டர்கள், பாலக்காட்டில் பிரியா வளாகம் என்றால் எல்லாவற்றையும் புதிதாகச் சேகரிக்க வேண்டும். ஊருக்கும் ஊருக்கும் நடுவில் இரண்டு நாள், சில சமயம் ஒரே ஒரு நாள். கொச்சி 21-ல் முடிகிறது, தலச்சேரி 23-ல் ஆரம்பம். அந்த ஒரு நாளில் 80 படத்தையும் ஏற்றி, சரிபார்த்து, சப்டைட்டில் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். பிசகாமல் நடத்தியவர்களை நான் கும்பிடுவேன்.

அப்புறம் திரையிடல் கட்டணம். பல வெளிநாட்டுப் படங்களுக்குக் காட்சிக்கு இவ்வளவு என்று கேட்பார்கள். ஒரே ஊரில் மூன்று காட்சி போடுவதும் நான்கு ஊரில் நான்கு காட்சி போடுவதும் செலவில் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் நான்கு ஊரில் இரண்டிரண்டு காட்சி என்றால் எட்டு. படங்களின் எண்ணிக்கையைக் குறைத்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும். யாரும் கஞ்சத்தனம் என்று நினைக்க வேண்டாம்.

நாகர்கோவில்காரன்

ரீல்பெட்டி சார், அருமையான விளக்கம். சாவி விஷயம் எனக்குத் தெரியாது. காட்சி தாமதமானால் விழாக்காரர்களைத் திட்டுவோம், இனிமேல் யோசிப்பேன்.

சுருங்கிய விழா என்றால் 2018-ஐயும் நினைக்க வேண்டும். வெள்ளம் வந்த வருடம். விழாவே வேண்டாம் என்று பேச்சு வந்தது. கடைசியில் கட்டணத்தை 2,000 ரூபாயாக ஏற்றி, செலவைக் குறைத்து நடத்தினார்கள். கஷ்டத்திலும் விழாவை விடக்கூடாது என்ற பிடிவாதம் அங்கே இருந்தது. 2021 அதன் தொடர்ச்சி.

அடையாறு வாசகி (சென்னை)

ரீல்பெட்டி சொன்னதைப் படித்தால் ஆன்லைன் எவ்வளவு சுலபம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இன்னும் இரண்டு விஷயம் சொல்கிறேன்.

ஒன்று, பிரெஞ்சு இயக்குநர் கோதார். 25-வது விழாவில் வாழ்நாள் சாதனையாளர் விருது அவருக்குத்தான். 90 வயது மனிதர், எந்த விமானத்திலும் ஏறி வந்திருக்க மாட்டார். மார்ச் மாதம், பாலக்காட்டுப் பகுதி நடந்துகொண்டிருந்த நாட்களில், சுவிட்சர்லாந்தில் தன் வீட்டிலிருந்து இணையவழியில் நீண்ட நேரம் பேசினார். கையிலிருக்கும் இரண்டு திரைக்கதைகளை முடித்துவிட்டு சினிமாவுக்கு விடைகொடுக்கப் போவதாக அந்தப் பேச்சில்தான் சொன்னார். உலகப் பத்திரிகைகளெல்லாம் அதை எழுதின. 2022 செப்டம்பரில் இறந்துபோனார். நேரில் மட்டும்தான் விழா என்று பிடிவாதமாக இருந்திருந்தால் கேரளத்துக்கு அந்தப் பேச்சு கிடைத்திருக்குமா?

இரண்டு, நம் 'கூழாங்கல்'. பி.எஸ். வினோத்ராஜின் முதல் படம். 2021 பிப்ரவரியில் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது. அப்போது நெதர்லாந்தில் தியேட்டர்கள் மூடியிருந்தன, விழாவின் பிப்ரவரிப் பகுதி ஆன்லைனில்தான் நடந்தது. தமிழ்ப் படம் ஒன்றுக்கு முதல்முறையாக அந்த விருது கிடைத்தது, அரங்கில் கூட்டமே இல்லாத ஒரு விழாவில். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பின்வரிசை (கோவை)

கோதார் விஷயத்தில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். விருந்தினர் இணையவழியில் வருவது எனக்குப் பிரச்சினையே இல்லை. பார்வையாளர்கள் கூடி உட்கார வேண்டும் என்பதுதான் என் கட்சி.

கூழாங்கல் பற்றி: ராட்டர்டாமில் அதற்கு விருது கொடுத்தது நடுவர் குழு. அடுத்த வருடம் 2022 மார்ச்சில், ஒமிக்ரானால் தள்ளிப்போய் நடந்த 26-வது கேரள விழாவில், பார்வையாளர் தேர்வு விருதும் அதே படத்துக்குக் கிடைத்தது. அரங்கில் உட்கார்ந்து பார்த்தவர்கள் ஓட்டுப் போட்டுக் கொடுத்தது. பேச்சே குறைவாக உள்ள, வெயிலில் அப்பனும் மகனும் நடக்கிற படம். வீட்டில் பார்க்கிறவர் எத்தனை பேர் கடைசி வரை இருந்திருப்பார்கள்?

வைகைக்கரை (மதுரை)

கூழாங்கல் பேச்சு வந்ததால் நானும் வருகிறேன்.

அந்தப் படம் எடுத்தது எங்கள் மேலூர்ப் பக்கம், அரிட்டாபட்டியில். இயக்குநரும் எங்கள் பக்கத்துப் பையன்தான். ராட்டர்டாமில் விருது, திருவனந்தபுரத்தில் விருது, ஆஸ்கருக்கு இந்தியாவின் தேர்வு. எங்களுக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? ஆனால் மேலூரிலோ மதுரையிலோ தியேட்டரில் டிக்கெட் வாங்கிப் பார்க்க எங்களுக்கு வழி கிடைக்கவில்லை. 2023 அக்டோபர் 27-ல் நேராக சோனி லிவ்-வில் வந்தது. செல்போனில்தான் பார்த்தோம். எங்கள் ஊர்ப் பாறையையும் எங்கள் ஊர் வெயிலையும் ஆறு அங்குலத் திரையில் பார்த்தோம்.

வாசகி அக்கா, ஆன்லைன் எல்லா ஊருக்கும் போகும் என்கிறீர்கள். போகிறது, உண்மைதான். ஆனால் எங்களுக்குக் கடைசியில் அது மட்டும்தான் வருகிறது. சென்னைக்காரர்களுக்கு அரங்கும் உண்டு, ஆன்லைனும் உண்டு. 2021-ல் கொச்சியிலும் தலச்சேரியிலும் விழா நடந்த அதே வாரத்தில், பிப்ரவரி 18 முதல் 25 வரை, சென்னை சர்வதேசத் திரைப்பட விழாவும் நடந்தது. டிசம்பரிலிருந்து தள்ளிப்போனது. இரண்டு மாநிலமும் ஒரே சிக்கலில்தான் இருந்தன. ஒன்று ஊர் ஊராகப் போனது, இன்னொன்று எப்போதும் போல ஒரே நகரத்தில் நடந்தது. நமக்கு மதுரையிலும் கோவையிலும் திருநெல்வேலியிலும் விழா வைக்கலாம் என்று யாருக்காவது அப்போது தோன்றியதா?

மதுரையில் ஆளில்லை என்று சொல்லிவிடாதீர்கள். 1998-லிருந்து இங்கே ஆவணப்பட, குறும்பட விழா நடக்கிறது. பெரிய பணமில்லாமல், கல்லூரி அரங்கிலும் கிடைத்த இடத்திலும் படம் போட்டு, முடிந்ததும் மணிக்கணக்கில் பேசுவோம். ஆள் இருக்கிறது, ஆர்வம் இருக்கிறது. நல்ல திரை ஒரு வாரத்துக்குக் கிடைத்தால் போதும்.

ஜன்னலோரம் (தர்மபுரி)

வைகைக்கரை அண்ணா சொன்னது மனதை என்னவோ செய்துவிட்டது. உங்கள் ஊர்ப் படத்தை நீங்கள் பெரிய திரையில் பார்த்திருக்க வேண்டும்.

அடையாறு வாசகி (சென்னை)

வைகைக்கரை, உங்கள் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. சென்னையில் இருப்பதால் எனக்குக் கிடைக்கும் வசதியை நான் கணக்கில் எடுத்துத்தான் பேச வேண்டும். என் கவலை இன்னும் நோய் பற்றியது. 2021 மார்ச்சில் விழா முடிந்து இரண்டு மாதத்துக்குள் இரண்டாம் அலை வந்தது. அந்த விழாவால் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன், அப்படிச் சொல்ல ஆதாரமில்லை. ஆனால் அடுத்து இப்படி ஒரு நோய் வந்தால், முதல் நாளே ஆன்லைனுக்கு மாறுகிற ஏற்பாடு ஒவ்வொரு விழாவுக்கும் கையில் இருக்க வேண்டும். 2020 மார்ச்சில் கோபன்ஹேகன் ஆவணப்பட விழா தொடங்கச் சில நாள் இருக்கும்போது ஊரடங்கு வந்து, அப்படியே ஆன்லைனுக்கு மாறினார்கள். அந்தத் தயார்நிலை வேண்டும். நோய் இல்லாத வருடத்தில் ஊர் ஊராகப் போங்கள், எனக்கு எதிர்ப்பில்லை.

ரீல்பெட்டி

ஆன்லைன் சுலபம் என்று வாசகி சொன்னதற்கு ஒரு வார்த்தை. சாவி, ஹார்ட் டிஸ்க் தொல்லை இல்லை, சரி. ஆனால் அங்கே வேறு பேரம். எந்த நாட்டில் பார்க்கலாம், எத்தனை பேர் பார்க்கலாம், எத்தனை மணி நேரம் திறந்திருக்கும் என்று ஒவ்வொரு படத்துக்கும் தனி ஒப்பந்தம். 2020-ல் டொராண்டோ ஆன்லைனில் வைத்தபோது கனடாவுக்குள் மட்டும்தான் பார்க்க முடிந்தது. பல தயாரிப்பாளர்கள் திருட்டுப் பிரதி பயத்தில் மறுத்துவிடுவார்கள். ஆகவே ஆன்லைன் பட்டியலும் அரங்குப் பட்டியலும் ஒன்றாக இருக்காது. ஜன்னலோரம் போன்றவர்களுக்கு ஒரு பத்து, பதினைந்து படமாவது ஒதுக்க முடியும் என்பது என் கணிப்பு. கேட்க வேண்டும், தயாரிப்பாளர்களிடம் முன்கூட்டியே கேட்டால் ஒப்புக்கொள்கிறவர்கள் உண்டு.

பின்வரிசை (கோவை)

இழையைப் படிப்பவர்களுக்கு ஒரு தகவல். கேரளம் அந்த யோசனையை முழுக்கக் கைவிடவில்லை. 2022 மார்ச்சில் திருவனந்தபுரத்தில் 170-க்கும் மேற்பட்ட படங்களோடு பெரிய விழா நடந்து முடிந்ததும், ஏப்ரல் 1 முதல் 5 வரை கொச்சியில் பிராந்தியத் திரைவிழா என்று ஒன்று வைத்தார்கள். பெரிய விழாவின் தேர்ந்த படங்கள் அங்கே போயின. அதாவது நாகர்கோவில் நண்பருக்குத் திருவனந்தபுரமும் இருக்கிறது, கொச்சிக்காரர்களுக்கு ஐந்து நாளும் கிடைத்தது. இப்படித்தான் இரண்டையும் காப்பாற்ற முடியும். என்னைக் கேட்டால் அந்த வருடம் கொச்சியோடு நின்றதுதான் குறை. தலச்சேரியும் பாலக்காடும் மறுபடி விடுபட்டன.

நாகர்கோவில்காரன்

இந்த வடிவத்துக்கு நான் கை தூக்குகிறேன். டிசம்பர் கூட்டத்தை எங்களுக்கு விட்டுவிட்டு, ஜனவரியில் எந்த ஊருக்கு வேண்டுமானாலும் கொண்டுபோங்கள். நாகர்கோவிலுக்குக் கொண்டுவந்தால் எங்கள் வீட்டுப் பெண்களும் வருவார்கள். இரவுக் காட்சி முடிந்து ரயிலுக்கு ஓட வேண்டியதில்லை என்றால் என் அம்மாவையே கூட்டிப்போவேன்.

வைகைக்கரை (மதுரை)

அப்படியானால் நம் ஊருக்கு என்ன கேட்கலாம்? நான் யோசிப்பது இது. சென்னை விழா முடிந்த அடுத்த வாரம், அதே படங்களில் இருபதை மட்டும் எடுத்து, மதுரையில் ஒரே திரையில் ஐந்து நாள். நாளுக்கு நான்கு காட்சி, ஒவ்வொரு படமும் ஒரு முறை. தமிழ்ப் படங்களுக்கு முதலிடம், இயக்குநர் நேரில் வர வேண்டும். மாணவர்களுக்குக் கட்டணம் கேரளம் வைத்தது போல 400-க்குள். ரீல்பெட்டி சார், இது நடைமுறையில் சாத்தியமா?

ரீல்பெட்டி

சாத்தியம்தான். ஒரே திரை என்பதால் சாவி வேலை மிகவும் குறைகிறது. இருபது படம், ஒரு சர்வர், இருபது சாவி. டிஸ்குகள் ஏற்கெனவே சென்னைக்கு வந்திருக்கும், பேருந்துப் பார்சலில் கூட மதுரைக்கு வந்துவிடும். நீங்கள் கவனிக்க வேண்டியது மூன்று. சென்னைக்குப் படம் கேட்கும் முதல் கடிதத்திலேயே மதுரைக் காட்சிக்கும் சேர்த்து அனுமதி கேட்டாக வேண்டும், பிறகு கேட்டால் தனிக் கட்டணம் போடுவார்கள். தணிக்கைச் சான்றிதழ் இல்லாத படங்களுக்கு மத்திய அமைச்சகத்தின் விலக்கு தேவை, அந்த விண்ணப்பத்திலேயே மதுரை அரங்கின் பெயரும் தேதியும் இருக்க வேண்டும். தியேட்டர்காரர் வார நாளில் ஐந்து நாள் முழுத் திரையைக் கொடுக்க ஒப்புக்கொள்ள வேண்டும். பெரிய படம் எதுவும் வராத வாரமாகப் பார்த்துப் பேசினால் வாடகையும் குறையும்.

ஜன்னலோரம் (தர்மபுரி)

நான்காவதாக ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள் சார். தியேட்டரைத் தேர்ந்தெடுக்கும்போது சக்கர நாற்காலி உள்ளே போகுமா என்று பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள். மதுரை என்றால் எனக்குப் பகல் பயணம்தான். நான் வருகிறேன்.

வைகைக்கரை (மதுரை)

சேர்த்தாகிவிட்டது. மூன்று தியேட்டர்களின் மேலாளர்களை எனக்குத் தெரியும். சாய்தளம், கழிப்பறை, சர்வர் வகை, வார நாள் வாடகை, இந்த நான்கையும் கேட்டு இங்கேயே போடுகிறேன். திருநெல்வேலி, திருச்சி நண்பர்கள் யாராவது இருந்தால் உங்கள் ஊர் விவரத்தையும் எழுதுங்கள். சென்னை விழாவுக்குக் கடிதம் எழுதும்போது ஒரு ஊரை விட மூன்று ஊராகச் சேர்ந்து கேட்டால் மதிப்பு கூடும்.